அழாமல் பாடுகிறவர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அமெரிக்க நாட்டுப்புற இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சில மாதங்களாக அதில் ஒரு வகையான புளூகிராஸ் கேட்டுவருகிறேன். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் வேகம்தான் முதலில் என்னை இழுத்தது. காலையில் பேருந்தில் கேட்டால் உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். போன வாரம்தான் பாடல் வரிகளைத் தேடி எடுத்து வாசித்தேன். திடுக்கிட்டுப் போனேன். ஒருவன் காதலியைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கொன்று புதைக்கிறான். இன்னொருவன் அப்பா அம்மாவின் கல்லறை முன் நிற்கிறான். குழந்தைகள் சாகின்றன, ரயில் கவிழ்கிறது, சுரங்கத்தில் ஆட்கள் மடிகிறார்கள். இதையெல்லாம் கேட்கிறவன் கால் தாளம் போடும்படி எப்படிப் பாடுகிறார்கள்? பாடுகிறவர் குரலில் ஒரு தழுதழுப்புகூட இல்லையே.

'துக்கத்தைச் சரக்காக்கி விற்கிறார்கள், அவ்வளவுதான்' என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொலைப் பாட்டுகளை இத்தனை நாள் ரசித்துக் கேட்டோமே என்ற உறுத்தலும் இருக்கிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த வேகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி, வாத்தியத்தின் இயல்பால் வருவது. பாஞ்சோவின் தந்தி, தோல் இழுத்துக் கட்டிய ஒரு வட்டத்தின் மேல் நிற்கிறது. மீட்டியதும் பளிச்சென்று எழும் ஒலி உடனே அடங்கிவிடும். மாண்டலினும் ஏறக்குறைய அப்படித்தான். இடைவெளி விழாமல் இருக்க ஸ்வரங்களை மழையாகப் பொழிந்தாக வேண்டும். 1945 கடைசியில், புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களால் அதைச் செய்துகாட்டினார். இன்று நாம் புளூகிராஸ் என்று அடையாளம் காணும் ஒலி அப்போதுதான் முழுமையடைந்தது.

பாஞ்சோவில் ஐந்தாவதாக ஒரு தந்தி உண்டு. மற்ற நான்கையும்விடக் குட்டை, கழுத்தின் பாதியிலிருந்துதான் தொடங்கும். மற்ற தந்திகளில் விரல் எங்கே ஓடினாலும் இது பெரும்பாலும் தன் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை அதை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அத்தனை துள்ளலுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் ஒன்று காதில் பிடிபடும். இந்தக் கூட்டத்தில் நீட்டி ஒலிக்கக்கூடியவை ஃபிடில் எனப்படும் வயலினும் மனிதக் குரலும்தான். துக்கம் போய் உட்காருவதும் அவற்றில்தான்.

குரலில் தழுதழுப்பு இல்லை என்கிறீர்கள். மிகச் சரியான கவனிப்பு. புளூகிராஸ் பாடகர் ரால்ஃப் ஸ்டான்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் டிக்கன்சன் கவுண்டி மலைகளில் 1927-ல் பிறந்தவர். அங்குள்ள பழைய பாப்டிஸ்ட் தேவாலயங்களில் வாத்தியமே கிடையாது. ஒருவர் முதலில் வரியைச் சொல்லிக் கொடுப்பார், சபை முழுவதும் அதை மெதுவாக இழுத்துப் பாடும். அங்கே யாரும் தன் குரலை அழகாகக் காட்ட முனைவதில்லை. 2000-ல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக, எழுபது வயது தாண்டிய ரால்ஃப், மரணத்திடம் இன்னும் ஒரு வருடம் விட்டுவை என்று மன்றாடும் பழைய பாட்டைத் துணை வாத்தியமே இல்லாமல் பாடினார். 2002-ல் அதற்கு கிராமி விருது கிடைத்தது. வரிகள் கெஞ்சுகின்றன. குரலோ ஒரு நடுக்கமும் இல்லாமல் நேராகப் போகிறது. கேட்கும்போது எனக்கு முதுகுத்தண்டு சில்லிடுவது அந்த நடுங்காமையால்தான்.

இந்த மரபில் பாடகர் துக்கத்தை நடித்துக் காட்ட வருவதில்லை, சாட்சி சொல்ல வருகிறார். நடந்தது இது, பார்த்தவன் நான், இனி உங்கள் பாடு. சாட்சிக் கூண்டில் நிற்பவர் அழுதுவிட்டால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த இழப்பு ஏற்கெனவே தெரியும். அவர்கள் வீட்டிலும் ஒரு சாவு, ஒரு விபத்து இருந்திருக்கும். அவர்களுக்கு யாரும் அழுது காட்டத் தேவையில்லை.

உங்கள் நண்பருக்கு இரண்டு பாட்டுகளைச் சொல்கிறேன். பில் மன்றோ 1911-ல் கென்டக்கியில் ரோசைன் என்ற சிற்றூரில் எட்டுக் குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர். பத்து வயதில் அம்மா போய்விட்டார், பதினாறு வயதில் அப்பா. அண்ணன்மார் இண்டியானாவுக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். பையன் சில காலம் தாய்மாமன் பென் வாண்டிவரோடு இருந்தான். மாமா ஃபிடில் வாசிக்கப் போகும் நடனங்களுக்கெல்லாம் கிட்டார் தூக்கிக்கொண்டு கூடவே போனான். அப்புறம் அவனும் ஆலை வேலைக்குக் கிளம்பினான். பின்னாளில், பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகும் ஒருவனைப் பற்றி மன்றோ ஒரு பாட்டு எழுதினார். முன்பு ஜன்னலில் தெரிந்த விளக்கு இப்போது இல்லை. பாட்டு ஓட்டமாக ஓடுகிறது. அந்த வேகத்தில் நான் கேட்பது ஒரு சிறுவன் வீடு நோக்கி ஓடுவதைத்தான்.

இன்னொன்று, ரால்ஃபின் அண்ணன் கார்ட்டர் ஸ்டான்லி எழுதி, இருவரும் 1949-ல் பதிவுசெய்த 'ஒயிட் டவ்'. அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்ட ஒருவனின் பாட்டு. கேட்டால் சொந்த அனுபவம் என்று சத்தியம் செய்வீர்கள். ஆனால் அப்போது கார்ட்டரின் அம்மா உயிரோடுதான் இருந்தார், மகனுக்குப் பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, பொய்' என்பார். நான் அப்படி நினைக்கவில்லை. தாயை இழந்தவன் பாட்டு என்பது அந்த மலையில் பொதுச்சொத்து. இழந்தவரும் பாடலாம், இன்னும் இழக்காதவரும் பாடலாம். மன்றோ பாடும்போது நினைவு, கார்ட்டர் பாடும்போது அச்சம். ஊர் இரண்டையும் ஒரே காதால்தான் கேட்டது.

விற்பனைச் சரக்கும் இல்லாமல் இல்லை. சாகப்போகும் குழந்தை தன் குட்டிக் காலணிகளை எடுத்துவைக்கச் சொல்லும் பாட்டைப் போன்றவை, 19-ஆம் நூற்றாண்டில் நகரத்து வரவேற்பறைகளுக்காக எழுதி அச்சிட்டு விற்கப்பட்டவை. அவற்றில் பல எனக்குப் பிடிக்காது. கண்ணீரைக் குறிவைத்து எழுதியது தெரியும். மலையில் அந்தப் பாட்டுகள் தங்கிவிட்டதற்குக் காரணம், மருத்துவர் வர ஒரு நாள் ஆகும் ஊர்களில் குழந்தைச் சாவு கற்பனை விஷயமாக இல்லை என்பதுதான்.

இனி கொலைப் பாட்டுகள். உங்கள் உறுத்தல் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இவற்றில் பழையவை பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களோடு கடல் கடந்து வந்தவை. நம் ஊர்ச் சந்தைகளில் விற்ற கொலைச்சிந்துகளைப் போல, அங்கேயும் கொலைக் கதைகளை ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்றார்கள். 'பிரிட்டி பாலி' என்ற கொலைப் பாட்டின் மூல வடிவம் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாடப்பட்டது. அதில் பெண் கர்ப்பமாக இருக்கிறாள், கப்பல் தச்சன் அவளைக் கொல்கிறான். பிறகு அவள் ஆவி கப்பலுக்கே வந்து அவனைப் பிடிக்கிறது. கிழக்கு அமெரிக்காவின் மலைப்பகுதியான அப்பலாச்சியாவுக்கு வந்த பின் பாட்டு சுருங்கிக்கொண்டே போயிற்று. பெரும்பாலான வடிவங்களில் கர்ப்பமும் போய்விட்டது, ஆவியும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு காட்டுப் பாதை, புதிதாகத் தோண்டிய ஒரு குழி, பக்கத்தில் கிடக்கும் மண்வெட்டி. அவள் அதைப் பார்க்கிறாள். நேற்று இரவு தோண்டினேன் என்கிறான் அவன். காரணம் சொல்லாததால்தான் இது இவ்வளவு பயங்கரமாக இருக்கிறது. பாஞ்சோ ஒரு இடத்திலும் வேகம் குறைப்பதில்லை. யாராவது நிறுத்துங்களேன் என்று மனம் பதைக்கும், பாட்டு நிற்காது.

சில பாட்டுகளுக்குப் பின்னால் உண்மையான பெண்கள் இருக்கிறார்கள். நேயோமி வைஸ் என்ற பெண், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட கரோலினாவின் டீப் நதியில் மூழ்கடிக்கப்பட்டாள். கொன்றதாகச் சொல்லப்பட்ட ஜோனதன் லூயிஸ் கொலைக்காகத் தண்டிக்கப்படவே இல்லை. அவன் மேல் அந்தக் குற்றம் இன்றும் இருப்பது பாட்டில்தான். இதற்காக நான் அந்தப் பாட்டுக்குத் தலைவணங்குவேன். ஆனால் பெரும்பாலான கொலைப் பாட்டுகள் கொன்றவன் வாயாலேயே பாடப்படுகின்றன. செத்தவளுக்கு ஒரு கெஞ்சலைத் தவிர வேறு பேச்சில்லை. பல தலைமுறை ஆண்கள் இதைக் கேள்வியே இல்லாமல் பாடியது இந்த மரபின் குறை. மரபு பழையது என்பதற்காக அதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

அந்தக் குறைக்குப் பதில் மரபுக்குள்ளிருந்தே வந்தது. ஹேசல் டிக்கன்ஸ், மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் ஒருவர். அப்பா பழைய பாப்டிஸ்ட் போதகர். இளம்வயதில் பால்டிமோருக்குப் போய் ஆலைகளில் வேலை செய்தார். 1965-ல் ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டார். ஆண்களின் கோட்டையாக இருந்த இசையில் இரண்டு பெண்கள் முன்னால் நின்று பாடியது அப்போது அபூர்வம். மதுக்கடைப் பெண்ணை ஏளனம் செய்யும் ஆண்களைப் பார்த்து, அவளை அங்கே தள்ளியதில் உங்களுக்கும் பங்குண்டு என்று சொல்லும் பாட்டு ஹேசலுடையது. அவர் அண்ணன் தர்மன், நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து வரும் நோயால் இறந்தார். அந்தச் சாவிலிருந்து 'பிளாக் லங்' என்ற பாட்டு பிறந்தது. மற்ற சோகப் பாட்டுகளில் சாவு விதியாக வரும். இதில் அதற்கு ஒரு கம்பெனி இருக்கிறது, ஒரு முதலாளி இருக்கிறார். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். 19 பேரின் உடல்கள் இன்றுவரை மீட்கப்படவில்லை. அடுத்த பிப்ரவரியில், நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு அந்த மாநிலத் தொழிலாளர்கள் சுரங்கங்களை விட்டு வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டக் காலத்தின் குரல் ஹேசலுடையது. துக்கம் சரக்கு என்கிற நண்பரை இந்த ஒரு பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள். வாத்தியமே இல்லாமல் அவர் பாடிய பதிவு இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது, ஸ்டான்லி சகோதரர்கள் 1960-ல் பதிவுசெய்த 'ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்'. சொந்த மலைக்குத் திரும்பி வருகிறவனுக்கு அங்கே ஒருவரையும் தெரியவில்லை, அவனையும் யாருக்கும் தெரியவில்லை. மெதுவான பாட்டு, கால் தாளம் போடாது. கார்ட்டர் சரணத்தைப் பேசுவது போலத் தனியாகப் பாடுவார். பல்லவியில் ரால்ஃப் மேலிருந்து வந்து சேருவார். ஆறு வருடத்தில் கார்ட்டர் இறந்துவிட்டார், வயது 41. அதன்பின் ஐம்பது வருடம் ரால்ஃப் பாடினார், 2016-ல் இறக்கும்வரை. அண்ணன் இல்லாமல் அவர் அதே பாட்டைப் பாடிய பதிவுகளும் கிடைக்கின்றன. முதலில் 1960-ஐக் கேளுங்கள், பிறகு அவற்றைக் கேளுங்கள். என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.