கேளுங்கள், சொல்கிறேன்: பழைய துப்பாக்கி, கன் ஷோவிலா ஆன்லைனிலா?

கேள்வி: ஐயா, வணக்கம். டெக்சஸுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியை வைத்துப் பழகிவிட்டேன். சொந்தமாக ஒரு பழைய .38 ரிவால்வர் வாங்க ஆசை. கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) வாங்கலாமா, ஆன்லைனில் வாங்கலாமா? ஆன்லைனில் மலிவு என்கிறார்கள். *(ஒரு வாசகர், பிளேனோ)*

பதில்: தம்பி, ஆன்லைனில் வாங்கினால் துப்பாக்கி அமேசான் பெட்டி மாதிரி வாசலில் வந்து விழும் என்று பலர் நினைக்கிறார்கள். விழாது. விற்பவர் அதை உங்கள் ஊரில் உரிமம் வைத்திருக்கும் ஒரு டீலருக்குத்தான் அனுப்புவார். நீங்கள் அங்கே போய் 4473 என்ற அரசுப் படிவத்தை எழுதிக் கொடுத்து, எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் வாங்க முடியும். டீலர் தன் பங்குக்கு 25, 30, சில இடங்களில் 50 டாலர் கேட்பார். அனுப்பும் செலவு தனி. நாற்பது டாலர் மலிவு என்று குதித்தவர்களின் சந்தோஷம் அந்தக் கவுண்டரிலேயே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கும்போது வாயைத் திறந்து பல்லை எண்ணாமல் துண்டுக்குள் கைவிட்டு விலை பேச மாட்டார். எனக்கும் அந்தப் புத்திதான். அதனால் கன் ஷோ பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது டல்லாஸிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, ஓக்லஹோமாவில் துல்சாவுக்குப் போய்விடுவேன். ஏப்ரலிலும் நவம்பரிலும் அங்கே நடக்கும் வானன்மாக்கர் கண்காட்சியில் ஒரே கூரைக்குக் கீழே 11 ஏக்கர், 4,000-க்கும் மேற்பட்ட மேசைகள். பாதி நாள் நடந்தால் கால் கெஞ்சும். நடுவே கத்தி, பழங்காசு, உப்புக்கண்டம் விற்கிறவர்களும் உண்டு. உப்புக்கண்டத்தை ருசி பார்க்கலாம், அதற்குப் படிவம் வேண்டாம்.

ரிவால்வருக்குப் பல் பார்ப்பது இப்படி. மேசைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். உள்ளே குண்டு இல்லை என்பதை அவர் சொன்னாலும் நீங்களே திறந்து பாருங்கள். முதலில் கண் போக வேண்டிய இடம், உள்பொறியை மூடியிருக்கும் பக்கத் தகட்டின் திருகாணிகள். அவற்றின் தலை சிதைந்திருந்தால், யாரோ சரியான திருப்புளி இல்லாமல் வீட்டு மேசையில் வைத்து நோண்டியிருக்கிறார்கள். பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், தேய்த்துவிட்டு மறுபடி நீலப்பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பளபளப்புக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அப்புறம் சிலிண்டரை, அதாவது குண்டு போடும் அறைகள் உள்ள உருளையை, மூடி, அதன்மேல் ஒரு விரலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் ஹேமரை, அதாவது சுத்தியலை, கட்டைவிரலால் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஓர் அறையில் பூட்டு பிந்தினாலும் டைமிங் போய்விட்டது என்று அர்த்தம். அறை குழலுக்கு நேராக நிற்காமல் சுட்டால் ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் படும். சில மேசைகளில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி வைத்திருப்பார்கள். வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த மேசைக்கு நடையைக் கட்டுங்கள்.

இதில் ஒன்றையாவது புகைப்படத்தில் பார்க்க முடியுமா? சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏலத் தளத்தில் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10 ரிவால்வர் ஒன்றைப் பிடித்தேன். எட்டுப் படங்கள். எட்டும் இடது பக்கம். அது எனக்கு உறைக்கவேயில்லை. டீலர் கடைக்கு வந்த அன்று, ஆர்வக் கோளாறில் முதலில் படிவத்தை எழுதிச் சோதனையை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துதான் பெட்டியைப் பிரித்தேன். வலது பக்கம் கைப்பிடிக் கட்டைக்கு மேலே, வியர்வையோ ஈரமோ தின்ற குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. மூன்று நாள் பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்று விற்றவர் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் படிவம் எழுதி என் பெயருக்கு மாறிய பிறகு அது செல்லாது என்றும் கீழே எழுதியிருந்தார். படிக்காதது என் தப்பு. ஆகவே ஆன்லைனில் வாங்கினால், டீலர் கவுண்டரிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் முடித்த பிறகு பேனாவைக் கையில் எடுங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்தே திருப்பி அனுப்பலாம்.

கன் ஷோவில் டீலர் மேசையில் வாங்கினாலும் அதே படிவம், அதே சோதனைதான். வேற்று மாநிலம் என்றால் இன்னொரு முடிச்சு. டெக்சஸ்காரரான நீங்கள் துல்சாவில் உரிமம் உள்ளவரிடம் ஷாட்கன்னோ ரைஃபிளோ வாங்கினால் அன்றே காரில் வைத்துக்கொண்டு வரலாம். கைத்துப்பாக்கி என்றால் முடியாது. அவர் அதை உங்கள் ஊர் டீலருக்கு அனுப்ப வேண்டும். உரிமம் இல்லாத ஓக்லஹோமா ஆள் எந்தத் துப்பாக்கியையும் உங்களிடம் நேராகக் கொடுக்கக் கூடாது. நான் துல்சாவில் பல் பார்த்து வாங்கிய ரிவால்வர்கூட ஆன்லைன் சரக்கு மாதிரி பார்சலில் எங்கள் ஊர் டீலர் கடைக்கு வந்துதான் என் கைக்குக் கிடைத்தது.

டெக்சஸுக்குள்ளேயே ஒரு தனியாள் இன்னொருவருக்கு விற்றால் சோதனை கட்டாயமில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களில் அதற்கும் டீலர் வழியாகத்தான் போக வேண்டும். கட்டாயமில்லாத ஊரிலும், “டீலர் கடையில் மாற்றிக்கொள்வோம், கட்டணம் என்னுடையது” என்று நான் சொல்லிவிடுவேன். திருட்டுத் துப்பாக்கிகளின் எஃப்.பி.ஐ. பட்டியலை நீங்களோ நானோ திறந்து பார்க்க முடியாது. ஆனால் திருட்டுச் சரக்கை வைத்திருப்பவர் டீலர் கடைக்கு வரத் தயங்குவார். முப்பது டாலருக்கு முகம் சுளிக்கிறவரிடம் எனக்கு வியாபாரம் வேண்டாம்.

உங்களுக்கு என் யோசனை: ஒரு கன் ஷோவில் வெறுங்கையோடு சுற்றி, இருபது ரிவால்வரைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு உள்ளூர்க் கடையின் பழைய சரக்கு அலமாரியில் வாங்குங்கள். விலை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கொடுக்கலாம். உங்களுக்கு வேண்டிய மாடல் அங்கே இல்லையென்றால் மட்டும் ஆன்லைன். ஷோவிலேயே வாங்கித்தான் தீருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள். மூட்டை கட்டுகிற நேரத்தில் பேரம் படியும்.

கேள்வி: அண்ணா, நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். என் தம்பி ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். பணம் தருகிறேன், உன் பெயரில் ஒரு பிஸ்டல் வாங்கிக் கொடு அக்கா என்கிறான். செய்யலாமா? *(ஒரு வாசகி, ஷுகர் லேண்ட்)*

பதில்: கூடாது தங்கச்சி. ஹெச்-1பி-யில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநில வேட்டை உரிமம் மாதிரிச் சில விதிவிலக்குகள் உண்டு. அது தம்பிக்குப் பொருந்துமா என்பதை வக்கீல் சொல்லட்டும், நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம்.

பொருந்தினாலும் உங்கள் பெயரில் வாங்காதீர்கள். ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா’ என்று 4473 படிவம் கேட்கிறது. வர்ஜீனியாவில் அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், மாமாவிடம் 400 டாலர் காசோலை வாங்கிக்கொண்டு, போலீஸ் தள்ளுபடியில் அவருக்காக ஒரு கிளாக் 19 பிஸ்டல் வாங்கினார். அந்த மாமாவுக்குத் துப்பாக்கி வாங்கத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் படிவத்தில் எழுதியது பொய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்த்தது. உங்கள் தம்பிக்கோ தடையே இருக்கிறது. 2022-ல் வந்த சட்டப்படி பினாமி வாங்கலுக்கு 15 வருஷம் வரை சிறை. பாசத்தை வேறு வகையில் காட்டுங்கள்.

கேள்வி: டீலர் கடையில் என் பின்னணிச் சோதனைக்கு ‘டிலே’ (தாமதம்) என்று வந்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்? *(ஒரு வாசகர், ஆஸ்டின்)*

பதில்: அனேகமாக ஒன்றும் இல்லை. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்ட நம் ஆட்களுக்கு, ஓர் அட்டையில் பெயர் ஒரு வரிசை, இன்னொன்றில் வேறு வரிசை. சோதனையில் அது குழப்பும். எனக்கும் முதல் தடவை டிலேதான். மூன்று வேலை நாள் கழிந்தும் பதில் வராவிட்டால் டீலர் கொடுக்கலாம் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். சில கடைகள் பதில் வராமல் தருவதில்லை, அது அவர்கள் இஷ்டம். ஒவ்வொரு தடவையும் இப்படி ஆனால் எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்துத் தனி அடையாள எண் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதைப் படிவத்தில் எழுத இடம் இருக்கிறது.

ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய முகவரிதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வீடு மாறிய வருஷம் அதில் பழைய முகவரியே இருந்தது. மழையில் காருக்கு ஓடி, புது முகவரி போட்ட வண்டிப் பதிவுச் சீட்டை எடுத்து வந்து காட்டின பிறகுதான் டீலர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.