போர்ல போன தாத்தா பேரு எந்தக் கல்லுல இருக்கு? கேள்வி பதில்

முன்னாடியே சொல்லிடறேன், நான் ராணுவத்துல இருந்தவனும் இல்ல, சரித்திர வாத்தியாரும் இல்ல. எங்க குடும்பத்துல ஒருத்தர் பேர தேட ஆரம்பிச்சு, அப்புறம் தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாருக்கும் தேடிக் குடுக்கறதே வேலையா போச்சு. ரெண்டு உலகப் போர்லயும் செத்த நம்ம ஆளுங்களோட கல்லறை, நினைவுச்சின்னம் பத்தி என்ன வேணா கேளுங்க. பென்ஷன், மெடல் விலை இதெல்லாம் கேட்டா பதில் வராது.

வேலூர்க்காரர்: அண்ணா, எங்க கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போய் ஃப்ரான்ஸ்ல இறந்துட்டாருனு பாட்டி சொல்லுவாங்க. அடுத்த மாசம் டெல்லி போறோம், இந்தியா கேட்ல பேரு இருக்குமா?

பதில்: இருக்காது தம்பி. இந்தியா கேட் மொத்தமா 70,000 இந்திய வீரர்கள் நினைவா கட்டினது உண்மைதான், ஆனா அதுல செதுக்கி இருக்கறது 13,000 சொச்சம் பேரு மட்டும், அதுவும் பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலயும் மூணாவது ஆப்கன் போர்லயும் செத்தவங்க. ஃப்ரான்ஸ், பெல்ஜியம் பக்கம் செத்து உடம்பு கிடைக்காதவங்க பேரு நூவ் ஷாப்பேல்ங்கற ஊர்ல இருக்கற இந்திய நினைவுச்சின்னத்துல இருக்கு, 4,700க்கு மேல பேரு, 1927ல திறந்தது. 1915 மார்ச்ல அந்த ஊர்ல நடந்த சண்டையில இந்தியப் படைக்கு பயங்கர அடி, அதான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தாங்க. உடம்பு கிடைச்சவங்க அக்கம்பக்கத்து கல்லறைகள்ல இருக்காங்க.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு வேலை பண்ணுங்க. இந்தக் கல்லறைங்களையும் நினைவுச்சின்னங்களையும் பராமரிக்கற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷனோட வெப்சைட்ல பேரு போட்டு இலவசமா தேடலாம். இலவசம்னு ரெண்டு தடவை சொல்றேன், ஏன்னா "தாத்தா சர்டிபிகேட் எடுத்துத் தரேன்"னு காசு புடுங்கற ஆளுங்க இருக்காங்க. பேர மட்டும் போட்டா ஆயிரம் முனுசாமி வருவாங்க. முனிசாமி, மூனூசாமி, முனசாமினு அன்னைக்கு கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதி வச்சிருப்பான். அதனால படை நம்பர், ரெஜிமென்ட், அப்பா பேரு, ஊர் பேரு இந்த நாலுல ரெண்டாவது வேணும். பழைய பெட்டியில மெடல் கிடந்தா அதோட ஓரத்த நல்ல வெளிச்சத்துல பாருங்க, நம்பரும் பேரும் பொறிச்சிருப்பாங்க (முதல் உலகப் போர் மெடல்ல பாக்கலாம்).

சிங்கப்பூர் போற அக்கா: கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்துல எங்க அம்மாவோட பெரியப்பா பேரு இருக்குனு வெப்சைட்ல பாத்துட்டேன், "காலம்"னு (Column) ஒரு நம்பர் போட்டிருக்கு. கல்லறை எங்க இருக்கும்? கற்பூரம் ஏத்தலாமா?

பதில்: அக்கா, "காலம்"னா தூண், அப்படி இருந்தா கல்லறை இல்லனு அர்த்தம். அந்த இடத்துல ரெண்டு விஷயம் இருக்கு. கீழ புல்தரையில 4,400க்கு மேல கல்லறை. மேல மேட்டுல பெரிய பெரிய சுவரு மாதிரி தூணுங்க, அதுல 24,000 பேரோட பேரு, இவங்க யாருக்கும் தெரிஞ்ச கல்லறை கிடையாது. மலாயா சண்டையில காட்டுல விழுந்தவங்க, 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர்ல பிரிட்டிஷ் படை சரணடைஞ்சப்புறம் கைதியா செத்தவங்க, ஜப்பான்காரன் கப்பல்ல ஏத்தி நியூ கினி வரைக்கும் கொண்டு போய் அங்க பசியில செத்தவங்க எல்லாரும் அந்தத் தூண்லதான். உங்க பெரிய தாத்தா அங்க இருக்காரு. நம்ம ஆளுங்கள்ல நெறைய பேர முறைப்படி எரிச்சதால அவங்களுக்குத் தனியா தகன நினைவுச்சின்னம் ஒண்ணு அங்கயே இருக்கு, கொஹிமா, இம்பால், யாங்கோன் பக்கத்து தவுக்யான்லயும் அப்படி இருக்கு. இதை ஏன் இவ்ளோ நீட்டிச் சொல்றேன்னா, சமாதியத் தேடிப் போய் இல்லனதும் உக்காந்து அழுதவங்கள நான் பாத்திருக்கேன். பேரத் தேடிப் போங்க.

கற்பூரம் கல்லு மேல வேண்டாம், கரி ஏறினா போகாது. எண்ணெய், குங்குமம், மஞ்சத்தண்ணி எதுவும் கல்லு மேல படக்கூடாது. பூ வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எழுத்து மங்கலா இருந்தா வெறும் தண்ணி தெளிச்சா தெரியும், அதோட போட்டோ எடுங்க. வாசல் பக்கம் ஒரு உலோகப் பெட்டியில பதிவேடு, வர்றவங்க கையெழுத்துப் போடற நோட்டு இருக்கும், தமிழ்லயே எழுதிட்டு வாங்க.

இன்னொண்ணு. இறந்த தேதி பதிவுல தெளிவா இருந்தா பழைய பஞ்சாங்கம் பாத்து திதி கண்டுபிடிச்சிடலாம். தேதி தெரியாம வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கே தர்ப்பணம் குடுத்துட்டு இருந்த ஒரு குடும்பம் இப்பதான் சரியான திதியில குடுக்கறாங்க. ஆனா பதிவுல "இந்த தேதியில இருந்து இந்த தேதிக்குள்ள"னு போட்டிருந்தா விட்டுடுங்க, மகாளய அமாவாசையே போதும்.

தாம்பரம்: நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்துல தமிழ் சிப்பாய்ங்க நெறைய பேர் இருப்பாங்களா?

பதில்: ரொம்ப கம்மி. தென்னிந்தியாவுலயும் கிழக்குப் பக்கமும் அங்கங்க சிதறிக் கிடந்த ரெண்டாம் உலகப் போர் கல்லறைங்கள 1952ல ஒண்ணா கொண்டு வந்து வச்ச இடம் அது, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. ஆனா போய் பாருங்க, மவுன்ட் பூந்தமல்லி ரோட்டுல அவ்ளோ அமைதியான இடம் வேற கிடையாது.

கரூர்: எங்க தாத்தா பேரு முனுசாமி, மிலிட்டரில இருந்தாரு, கண்டுபிடிச்சு குடுங்க.

பதில்: முதல் பதில படிங்க.

திருநெல்வேலி: ஈராக்ல இருக்கற பாஸ்ரா நினைவுச்சின்னத்துல பேரு இருக்குனு சொன்னாங்க, போட்டோ யாராவது எடுத்துத் தருவாங்களா?

பதில்: சாதாரண சிப்பாயா இருந்திருந்தா போட்டோ எடுக்க பேரே இருக்காது. 40,000 பேருக்கு மேல நினைவுகூர்ற இடம், வெள்ளைக்கார சிப்பாய்க்குக்கூட பேரு செதுக்கி இருக்கு, இந்தியர்கள்ல அதிகாரிங்க பேரு மட்டும்தான், மத்தவங்களுக்கு "இந்த ரெஜிமென்ட்ல இத்தன பேரு"னு வெறும் எண்ணிக்கை. எல்லாரையும் சமமா நடத்துவோம்னு சொல்லி 1917ல ஆரம்பிச்ச கமிஷன்தான் இப்படி பண்ணிச்சு. 2021ல அவங்களே அறிக்கை போட்டு, இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் 45,000 பேர்ல இருந்து 54,000 பேர் வரைக்கும் சமமில்லாம நினைவுகூரப்பட்டாங்கன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க. இதுக்கு நடுவுல அந்தச் சின்னத்தையே 1997ல சதாம் உசேன் ஆணை போட்டு நகரத்துக்கு வெளிய நகர்த்திட்டாரு. நீங்க வெப்சைட்ல தேடுங்க, இலவசம், ஏஜென்ட் வேண்டாம்.

மதுரை: ஐயா தப்பா நினைக்காதீங்க, வெள்ளைக்காரனுக்கு கூலிக்கு சண்டை போட்டு செத்தவங்களுக்கு எதுக்கு இவ்ளோ மரியாதை? நேதாஜி படையில செத்தவங்களுக்கு கல்லு எங்க?

பதில்: நல்ல கேள்வி, ஆனா கூலிங்கற வார்த்தைய கொஞ்சம் நிதானமா போடுங்க. முதல் போர் சமயத்துல சிப்பாய் சம்பளம் மாசம் 11 ரூபா. மழை பொய்ச்சு கடன் கழுத்த நெரிக்கற வீட்டுல அந்த 11 ரூபாதான் அடுப்பு எரிச்சுது. நேதாஜி படைக்கு சிங்கப்பூர் கடலோரத்துல ஒரு நினைவுச்சின்னம் இருந்துச்சு, 1945 ஜூலையில அவரே அடிக்கல் போட்டது, செப்டம்பர்ல பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் இடிச்சான். 1995ல அதே இடத்துல அடையாளக் கல் வச்சாங்க. மணிப்பூர்ல மொய்ராங்ல நினைவு வளாகம் இருக்கு. கிராஞ்சி போறவங்க அந்த சிங்கப்பூர் அடையாளக் கல்லையும் பாத்துட்டு வாங்க, பல வீட்டுல அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம்.

ஈப்போ: இரண்டு பக்கமும் சிப்பாய் பற்றியே பேசுறீங்க. எங்க தாத்தா தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தவர், சயாம் மரண ரயிலுக்கு பிடிச்சிட்டுப் போனாங்க, திரும்பி வரல. காஞ்சனபுரியில வெள்ளைக்காரனுக்கு புல்லு வெட்டி பூச்செடி வச்சிருக்கான். எங்காளுக்கு என்னா இருக்கு?

மதுரை: அதத்தான் நானும் சொல்றேன்!

பதில்: மதுரை சார், நீங்க சொன்னது வேற, இவர் சொல்றது வேற. ஈப்போ ஐயா, உங்க கோவம் நியாயம், இதுக்கு முழுசா பதில் சொல்லிட்டுதான் மத்தவங்க.

தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது, 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல ரெண்டு முனையும் சேந்துச்சு. போர்க்கைதிங்கள்ல 12,000 பேருக்கு மேல செத்தாங்க, அவங்களுக்கு காஞ்சனபுரி, சுங்காய், பர்மா பக்கம் தன்பியூசாயத்னு மூணு கல்லறைத் தோட்டம், ஆளுக்கொரு தகடு. ஆசியத் தொழிலாளிங்க செத்தது 90,000 வரைக்கும்னு பொதுவா சொல்ற கணக்கு, அதுல மலாயாத் தோட்டத்துத் தமிழங்க பெரிய பங்கு. சரியான பதிவேடே கிடையாது, காலராவுல செத்தவங்கள அப்படியே குழியில தள்ளினாங்க. கைதிங்க முகாம்ல டாக்டர், அதிகாரி இருந்தான், யாரு எங்க புதைஞ்சாங்கனு ஒளிச்சு வச்சு எழுதினான். தோட்டத்து ஆளுக்கு எழுத யாரும் இல்ல. கமிஷனோட விதியில படையில இருந்தவங்களுக்குத்தான் கல்லு, தொழிலாளிக்கு இல்ல. அதுதான் காரணம், அது நியாயம்னு நான் சொல்லல.

போக முடிஞ்சா காஞ்சனபுரியில வாட் தாவோர்ன் வராராம்ங்கற கோயிலுக்குப் போங்க, தொழிலாளிங்க எலும்புகள அடக்கம் பண்ணின இடம் அது, மலேசியத் தமிழங்க முயற்சியில நடுகல்லும் வச்சிருக்காங்க. பாலத்துக்குப் பக்கத்துல ஜப்பான் படையே 1944ல கட்டின நினைவுத்தூண் இருக்கு, அதுல தமிழ் எழுத்தும் உண்டு. வேலை வாங்கிக் கொன்னவனே வச்ச கல்லு. வயித்தெரிச்சல்தான், ஆனா பாக்கணும்.

திருச்சி: அப்ப சிப்பாய்க்கு மட்டும் கல்லு கிடைச்சது வெள்ளைக்காரன் விசுவாசத்துக்கு குடுத்த கூலிதானே, மதுரைக்காரர் சொன்னது சரிதானே?

ஈப்போ: எங்க தாத்தா பேர வச்சி நீங்க சண்டை போடாதீங்க.

பதில்: ஈப்போ ஐயா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. இந்த சண்டை இதோட போதும், தனியா போய் போட்டுக்கோங்க.

யாழ்ப்பாணம்: அண்ணை, என்ர தம்பியின்ர கல்லறை கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லத்தில இருந்தது. உடைச்சுப்போட்டு ஆமிக் காம்ப் கட்டினவை. நாங்கள் எங்க போறது?

பதில்: தங்கச்சியோ அக்காவோ தெரியல, இதுக்கு பதில் சொல்ற தகுதி எனக்கு இல்ல, உங்க ஊர்ல நவம்பர் 27 மாவீரர் நாளுக்கு அந்த இடத்துக்கு வெளிய விளக்கேத்தறவங்களுக்குத்தான் தெரியும். என் தொழில்ல கத்துக்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்றேன். பழைய போட்டோ, எத்தனாவது வரிசை, பக்கத்துக் கல்லு யாரோடது, இதெல்லாம் ஞாபகம் இருக்கறப்பவே எழுதி ரெண்டு பேர்கிட்ட குடுத்து வைங்க.

ஓசூர்: எங்க அப்பா 1971 போர்ல இறந்துட்டாரு. எங்க போகணும்?

பதில்: டெல்லி தேசிய போர் நினைவிடம், 2019ல திறந்தது. தியாக சக்கரத்துல கிரானைட் பலகையில பேரு இருக்கும். சுதந்திரத்துக்கு அப்புறம் செத்தவங்களுக்குத்தான் அது.

சேலம்: கொஹிமா போக பர்மிட் வேணுமா?

பதில்: வேணும், நாகாலாந்துக்கு இன்னர் லைன் பர்மிட், ஆன்லைன்ல எடுக்கலாம். கல்லறைத் தோட்டம் ஊருக்கு நடுவுல, 1944ல ஜப்பான் படையோட டென்னிஸ் கோர்ட் சண்டை நடந்த சரிவுலயே இருக்கு.

ஆம்பூர்: தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், நம்பர் இருக்கு, ஆனா வெப்சைட்ல வரல.

பதில்: அப்படினா போர்ல சாகாம வீட்டுக்கு வந்து செத்திருக்கலாம், முதல்ல அதை வீட்டுல விசாரிங்க. இல்லனா நம்பரோட பெங்களூர்ல இருக்கற அவங்க ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்க, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டனுக்கு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல லெட்டர் எழுத உதவி பண்ணுவாங்க.

தர்மபுரி: சார் ஒருத்தர் அஞ்சாயிரம் கேக்கறாரு, தாத்தா கல்லறை போட்டோவோட சர்டிபிகேட்...

பதில்: குடுக்காதீங்க!! எத்தன தடவ சொல்றது.

கரூர்: முனுசாமினு தேடினேன், நெறைய வருது.

பதில்: அப்பா பேரு, ஊரு, ரெஜிமென்ட். பாட்டிகிட்ட கேட்டு நாளைக்கு போடுங்க, பாக்கறேன்.