கிரீன் கார்டு கியூ: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவுல ஹெச்1பி வேலை விசாவுல இருக்கேன், ஐ-140 (கிரீன் கார்டுக்காக கம்பெனி போடுற பெட்டிஷன்) அப்ரூவ் ஆகி பல வருஷம் ஆச்சு. எனக்கப்புறம் வந்த பிரேசில்காரர் ஒருத்தர் கிரீன் கார்டே (அங்க நிரந்தரமா தங்குற அனுமதி) வாங்கிட்டார். எனக்கு ஏன் வரல?

பதில்: உங்க படிப்புலயோ வேலையிலயோ ஒரு குறையும் இல்லீங்க, சட்டம் பாக்குறது நீங்க எந்த நாட்டுல பொறந்தீங்கங்கிறதைத்தான், அதை மாத்தணும்ங்கிறதுதான் என் கட்சி. 1990-ல போட்ட சட்டப்படி வேலை மூலமா கிடைக்குற கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000, அதுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதம், அதாவது சுமார் 9,800 தான். ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. மத்த நாட்டுக்காரங்க எடுக்காம விட்டது கொஞ்சம் நம்ம பக்கம் வரும், ஆனா அதை நம்பி கணக்கு போட முடியாது. இதுல பெரிய கொடுமை, மனைவி குழந்தைங்களையும் அதே 1,40,000-க்குள்ளதான் எண்ணுறாங்க, நாலு பேர் குடும்பம்னா நாலு கார்டு காலி. கனடா சிட்டிசன் ஆயிட்டு வந்தாலும் பொறந்தது இந்தியான்னா இந்தியா கியூதான், கணவனோ மனைவியோ வேற நாட்டுல பொறந்திருந்தா மட்டும் அந்த நாட்டு கியூவுல சேரலாம்.

கேள்வி: வேலை இருக்கு, சம்பளம் வருது, விசாவையும் மூணு மூணு வருஷமா நீட்டிக்கலாம். அப்புறம் எதுக்கு சட்டத்தை மாத்தணும்னு கேக்குறீங்க?

பதில்: வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாள்ங்க, அதுக்குள்ள வேற கம்பெனி பெட்டிஷன் போடணும், இல்லன்னா வேற விசாவுக்கு மாறணும், இல்லன்னா வீடு, ஸ்கூல் எல்லாத்தையும் விட்டுட்டு கிளம்பணும். அதைவிட எனக்கு ஆத்திரம் வர்றது பிள்ளைங்க விஷயத்துலதான். மூணு வயசுல அப்பா அம்மாவோட வந்த பொண்ணு, அங்கேயே ஸ்கூல் முடிச்சவ, 21 வயசு ஆனதும் ஹெச்4 (ஹெச்1பி-காரங்க குடும்பத்துக்கான விசா) முடிஞ்சுடும், அப்பா கியூவுல அவளுக்கு இருந்த இடமும் போயிடும். அதே வீட்டுல அங்க பொறந்த தம்பி பொறப்பாலயே அமெரிக்க சிட்டிசன், அக்கா மட்டும் எஃப்1 விசா எடுத்துக்கிட்டு வெளிநாட்டு மாணவி மாதிரி காலேஜ் போகணும். 2002-ல குழந்தைங்களைக் காப்பாத்தன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அதுவும் பெட்டிஷன் பரிசீலனையில இருந்த நாளைத்தான் வயசுல இருந்து கழிக்குது, விசா நம்பருக்காக கியூவுல காத்திருந்த வருஷங்களைக் கழிக்கல. இதை எப்படிங்க நியாயம்னு சொல்றது?

கேள்வி: நாட்டு வரம்பை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

பதில்: அது மட்டும் போதாது, மொத்த எண்ணிக்கையைக் கூட்டாம வரம்பை மட்டும் எடுத்தா நம்ம காத்திருப்பை மத்த நாட்டுக்காரங்க தலையில வைக்கிறோம், அவங்க எதிர்த்தாங்கன்னா அதுல நியாயம் இருக்கு. 2019-ல வரம்பை எடுக்குற மசோதா பிரதிநிதிகள் சபையில 365-65னு பாஸ் ஆச்சு, செனட் 2020 டிசம்பர்ல அதையே வேற வடிவத்துல பாஸ் பண்ணுச்சு, ரெண்டையும் ஒண்ணாக்குறதுக்குள்ள அந்த காங்கிரஸோட, அதாவது அந்த அமெரிக்க நாடாளுமன்றத்தோட, காலமே முடிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி 2013-ல செனட் 68-32னு பெரிய சீர்திருத்தமே பாஸ் பண்ணுச்சு, சபை அதை ஓட்டுக்கே எடுக்கல. என்னைக் கேட்டா முதல்ல செய்ய வேண்டியது ரெண்டு: குடும்பத்தை அந்த எண்ணிக்கையில சேர்க்கக் கூடாது, பிள்ளையோட வயசை அப்பா அம்மாவோட பிரையாரிட்டி டேட் (கியூவுல இடம் பிடிச்ச தேதி) அன்னிக்கு என்னவோ அதுலயே நிறுத்திடணும். முதலாவதைச் செஞ்சா எந்த நாட்டுக்காரருக்கும் கியூ நீளாது, எல்லாருக்கும்தான் குறையும்.