கால்பந்து கேள்வி–பதில்: ஆன்ஃபீல்டில் விழுந்த நான்கு கோல்கள்

2019ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி லிவர்பூல் அணி தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் பார்சிலோனாவை 4-0 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்குள் நுழைந்ததைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அந்த வெற்றியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? சொந்த மைதானத்தில் ஓர் அணி நான்கு கோல் அடிப்பது அரிதல்லவே? – வாசகர், திருச்சி

நான்கு கோல் அரிதல்ல. அந்த நான்கும் தேவைப்பட்ட நிலைதான் அரிது. அரையிறுதி இரண்டு ஆட்டங்களாக நடப்பது. மே 1ஆம் தேதி பார்சிலோனாவின் கேம்ப் நோவில் நடந்த முதல் ஆட்டத்தில் சுவாரெஸ் ஒன்று, மெஸ்ஸி இரண்டு என்று மூன்று கோல்களை வாங்கிக்கொண்டு லிவர்பூல் ஊர் திரும்பியது. மெஸ்ஸியின் இரண்டாவது கோல் வெகு தொலைவிலிருந்து அடித்த ஃப்ரீ கிக். பார்சிலோனாவுக்காக அவர் அடித்த 600ஆவது கோலும் அதுதான். ஆக, ஆன்ஃபீல்டில் மூன்று கோல் அடித்தால் சமன், நான்கு அடித்தால் வெற்றி, இடையில் பார்சிலோனா ஒன்று போட்டுவிட்டால் ஐந்து தேவை (மொத்தக் கணக்கு சமமானால் எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்தவரே வென்றவர் என்பது அப்போதைய விதி) என்ற கணக்கோடுதான் லிவர்பூல் களமிறங்கியது. ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் முதல் ஆட்டத்தின் மூன்று கோல் பின்னடைவை அதற்கு முன் மீட்டவர்கள் இரண்டே பேர்: 1971இல் கிரேக்கத்தின் பனாதினைகோஸ், 1986இல் இதே பார்சிலோனா.

இதோடு முடியவில்லை. நியூகாசிலுடனான இங்கிலாந்து லீக் ஆட்டத்தில் தலையில் அடிபட்ட சலா விளையாட முடியாது. ஃபிர்மினோவும் காயத்தில் இருந்தார். முன்வரிசை மூவரில் மானே மட்டுமே மிச்சம். முந்தைய நாள் இரவுதான் மான்செஸ்டர் சிட்டிக்காகக் கொம்பனி தொலைவிலிருந்து அடித்த கோல், லிவர்பூலின் லீக் பட்டக் கனவையும் ஏறக்குறைய முடித்து வைத்திருந்தது. அந்தப் பருவத்தை லிவர்பூல் 97 புள்ளிகளோடு முடித்தும், 98 புள்ளிகள் எடுத்த சிட்டிக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில்தான் நின்றது. எல்லாப் பக்கமும் கதவுகள் அடைபட்டுக்கொண்டிருந்த அந்த வாரத்தில், சலா மாற்று வீரர்களுக்கான இருக்கையில்கூட இல்லாத இரவில், ஒரிகி இரண்டு, வைனால்டம் இரண்டு என்று அணியின் விளிம்பில் இருந்தவர்கள் கோல் அடித்தார்கள். என் வரையில் அந்த வெற்றியின் மேன்மை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் மீனவர் திருவிழாக் காலத்துப் போட்டிகளில் உள்ளூர் அணிக்கு ஊரே திரண்டு ஆதரவு கொடுத்தாலும் சில சமயம் தோற்றுவிடுகிறோம். ரசிகர்களின் குரல் உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றுமா? – வாசகர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

மாற்றும், ஆனால் ரசிகர்கள் தாங்களாகவே மாற்றிவிடுவதில்லை என்பது என் கருத்து. நான் பார்த்தவரை, அரங்கத்தின் குரல் வீரர்கள் செய்யும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. அன்றைய முதல் கோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது நிமிடத்தில் ஜோர்டி ஆல்பா தலையால் பின்னுக்குத் தட்டிய பந்து சரியாகப் போகவில்லை. மானே அதைப் பறித்தார், ஹெண்டர்சன் உதைத்தார், கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் தடுத்தார், தெறித்து வந்த பந்தை ஒரிகி வலைக்குள் தள்ளினார். ஆல்பாவை அவசரப்படுத்தியது மானேயின் ஓட்டமா, காதைப் பிளந்த கூச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஓட்டம் இல்லாமல் கூச்சல் மட்டும் இருந்திருந்தால் ஆல்பா பந்தைக் காலில் இறக்கி நிதானமாகக் கொடுத்திருப்பார்.

ஆன்ஃபீல்டின் ஒரு முனையில் இருக்கும் 'காப்' என்னும் பார்வையாளர் பகுதி, தென்னாப்பிரிக்காவில் 1900இல் நடந்த ஸ்பியான் காப் குன்றுப் போரின் நினைவாகப் பெயர் பெற்றது. 1977 மார்ச்சில் பிரான்சின் செந்த் எத்தியென் அணியை 3-1 என்று வீழ்த்திய இரவும், 2005 மே மாதம் செல்சியை ஒரே கோலில் நிறுத்திய அரையிறுதி இரவும், 2016இல் டோர்ட்மண்டுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் 4-3 ஆக்கிய இரவும் அந்தப் பகுதியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருப்பவை. இந்த நினைவுகள் வீரர்களுக்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும். முதல் கோல் விழுந்ததும் இரு தரப்பார் மனத்திலும் அவை ஒரே நேரத்தில் எழும்.

கூட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பின்னால் பார்த்தோம். நோய்த்தொற்றுக் காலத்தில், வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிய லிவர்பூல் 2021 ஜனவரி முதல் மார்ச் வரை ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. கழகத்தின் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. வான் டைக் உள்ளிட்ட பின்கள வீரர்களின் காயங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்பதால் பழி முழுவதையும் காலி இருக்கைகளின் மேல் போட மாட்டேன். ஆயினும் அதே ஆண்டு ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டிடம் முதல் ஆட்டத்தில் 1-3 என்று தோற்றுவந்து, ஆன்ஃபீல்டில் நல்ல வாய்ப்புகளை உண்டாக்கியும் 0-0 என்று முடித்தபோது, அரங்கம் நிறைந்திருந்தால் அந்தத் தொடக்க நிமிடங்கள் வேறாக இருந்திருக்கும் என்றே நினைத்தேன்; இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உங்கள் ஊரின் தோல்விகளுக்கும் ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். 2020 மார்ச் 11ஆம் தேதி, நிறைந்த ஆன்ஃபீல்டில், கூடுதல் நேரத்தில் வெற்றியின் வாசல்வரை போன லிவர்பூல் அத்லெடிகோ மாட்ரிட்டிடம் 2-3 என்று வீழ்ந்தது. அன்றைக்கும் குரலில் குறை இருக்கவில்லை.

மெஸ்ஸி, சுவாரெஸ், பிக்கே, புஸ்கெட்ஸ் எல்லாரும் இருந்த அணி அப்படிச் சரிந்தது அவர்களுடைய அலட்சியத்தால்தானே? லிவர்பூலுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. – வாசகி, மதுரை

பார்சிலோனா அலட்சியமாக ஆடியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆட்டத்தை முழுவதும் பார்த்தவர்களுக்கு, அலிசன் என்னும் கோல்கீப்பர் இல்லாவிட்டால் முதல் பாதியிலேயே கதை முடிந்திருக்கும் என்பது தெரியும். மெஸ்ஸி அடித்தார், கூட்டினியோ அடித்தார், இடைவேளைக்குச் சற்று முன் ஆல்பா தனியாக உள்ளே வந்தார், இடைவேளை முடிந்து வந்ததும் சுவாரெஸ் அடித்தார். எல்லாவற்றையும் அலிசன் தடுத்தார். ஒன்றே ஒன்று உள்ளே போயிருந்தாலும் லிவர்பூலுக்கு ஐந்து கோல் தேவைப்பட்டிருக்கும். நான்கு கோல்களின் படங்களே திரும்பத் திரும்பக் காட்டப்படுவதால் இந்தத் தடுப்புகள் மறக்கப்படுகின்றன. இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை.

கேம்ப் நோவில் நடந்த முதல் ஆட்டமும் 3-0 என்ற கணக்கு சொல்வது போல ஒருதலைப்பட்சமானதல்ல. அங்கே ஃபிர்மினோ அடித்த பந்து கோல் கோட்டருகே தடுக்கப்பட்டது; திரும்பி வந்த பந்தைச் சலா கம்பத்தில் அடித்தார். மறுபக்கம், ஆட்டம் முடியும் நேரத்தில் தெம்பெலே நான்காவது கோலைப் போட்டிருக்க வேண்டியவர், பந்தை மெதுவாக அலிசனின் கைக்குள் தட்டிவிட்டார். உங்கள் அதிர்ஷ்டக் கணக்கில் அதைச் சேர்ப்பதானால் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் பார்சிலோனாவிடம் பழைய காயம் ஒன்று இருந்தது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் ரோமாவை 4-1 என்று வென்றுவிட்டு, ரோம் நகரில் 0-3 என்று தோற்று வெளியேறிய அணி அது. பயிற்சியாளர் வால்வெர்டேயும் அதே ஆள்தான். களத்தில் இருந்தவர்களில் பலரும் அதே ஆட்கள்தான். 54ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் இழந்த பந்தைத் தானே மீட்டுத் தாழ்வாக அனுப்ப, வைனால்டம் இரண்டாவது கோலைப் போட்டார். 56ஆவது நிமிடத்தில் ஷகீரி இடப்புறமிருந்து தூக்கிக் கொடுக்க, தலையால் மூன்றாவதையும் வைனால்டமே போட்டார். அந்த இரண்டு நிமிடங்களில் பார்சிலோனா வீரர்களின் முகத்தில் நான் கண்டது ரோமின் நினைவைத்தான்.

வைனால்டம் அன்று தொடக்க அணியில் இல்லை. கேம்ப் நோவில் பழக்கமில்லாத முன்கள இடத்தில் ஆடவிடப்பட்டவர், ஆன்ஃபீல்டில் மாற்று வீரராக உட்கார வைக்கப்பட்டதில் கோபமாக இருந்ததாக ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார். சுவாரெஸின் கால்பட்டு இடப் பின்கள வீரர் ராபர்ட்சனுக்குக் கெண்டைக்காலில் அடிபட்டதால்தான் இடைவேளையில் அவர் உள்ளே வந்தார். அதற்காக முப்பத்து மூன்று வயது மில்னர் இடப் பின்களத்துக்கு நகர்ந்தார். கோபத்தோடு வந்தவர் பத்துப் பதினொரு நிமிடத்தில் பின்னடைவு முழுவதையும் துடைத்துவிட்டார்.

நான்காவது கோலுக்கான கார்னர் நியாயமானதா? எதிரணி தயாராகும் முன் உதைப்பது ஏமாற்று இல்லையா? – வாசகர், கோயம்புத்தூர்

முழுக்க நியாயமானது. கார்னர் வளைவுக்குள் பந்து அசையாமல் இருக்க வேண்டும், எதிரணி வீரர்கள் வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நடுவரின் விசிலுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எதிரணி தயாராகும் வரை பொறுத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 79ஆவது நிமிடத்தில், இருபது வயது அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் கார்னரை ஷகீரியிடம் விட்டுவிட்டுப் போவதைப் போல இரண்டு எட்டு வைத்தார். பெட்டிக்குள் பார்சிலோனாக்காரர்கள் பந்தைப் பார்க்காமல் தமக்குள் ஆட்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரிகி மட்டும் தனியாக நிற்பதைக் கண்டவர் சட்டென்று திரும்பி உதைத்தார். ஒரிகியும் அந்தக் கணத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் இதில் பாதி வியப்பு.

பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுவர்களிடம், ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும் பந்தை உடனுக்குடன் கொடுக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. ஆட்டம் நின்ற நேரங்களில் பார்சிலோனா வீரர்களின் கவனம் சிதறுவதை லிவர்பூலின் ஆய்வாளர்கள் படப்பதிவுகளில் கவனித்திருந்தார்களாம். அந்தக் கார்னருக்கான பந்தை நொடியில் கொடுத்தவனும் அப்படியொரு பதின்வயதுச் சிறுவன்தான். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களத்துக்கு வெளியே நின்ற சிறுவன்வரை எல்லாரும் அந்த ஆட்டத்துக்குள் இருந்தார்கள் என்றே சொல்வேன்.

2017இல் பார்சிலோனா பாரிஸ் அணியை 6-1 என்று வென்றதைவிட இது பெரியதா? – வாசகர், வியாசர்பாடி, சென்னை

கணக்கை மட்டும் பார்த்தால் பார்சிலோனாவுடையதே பெரியது. முதல் ஆட்டத்தில் நான்கு கோல் பின்னடைவு. 88ஆவது நிமிடம் தொடங்கும்போதும் மூன்று கோல் தேவை. நெய்மார் இரண்டும், 95ஆவது நிமிடத்தில் செர்ஜி ரொபெர்த்தோ ஒன்றும் போட்டு முடித்தார்கள். அந்த ஏழு நிமிடங்களுக்கு ஈடு கிடையாது. ஆயினும் நான் ஆன்ஃபீல்டையே மேலே வைப்பேன். அங்கே நடுவரின் பெனால்டி முடிவுகள் குறித்து இன்றும் வாதம் ஓயவில்லை. ஆன்ஃபீல்டின் நான்கு கோல்களில் ஒன்றுகூட விவாதத்துக்கு இடமானதல்ல. மேலும், பாரிஸை வென்ற பார்சிலோனா அடுத்த சுற்றிலேயே யுவெண்டஸிடம் வீழ்ந்தது. லிவர்பூலோ ஜூன் 1ஆம் தேதி மாட்ரிட்டில் டாட்டன்ஹாமை 2-0 என்று வென்று கோப்பையோடு வந்தது.

பார்சிலோனா ஒரு கோல் போட்டிருந்தால் ஐந்து தேவைப்பட்டிருக்கும் என்றீர்கள். அந்த விதி இப்போதும் இருக்கிறதா? – வாசகர், சேலம்

இல்லை. மொத்தக் கணக்கு சமமானால் எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்தவர் வென்றவர் என்ற அந்த விதியை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2021–22 பருவத்திலிருந்து நீக்கிவிட்டது. ஆன்ஃபீல்டுக்கு மறுநாள், ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் மோரா மூன்று கோல் போட்டு டாட்டன்ஹாமை இறுதிக்குக் கொண்டுசென்றது இந்த விதியால்தான். இன்றைய விதிப்படி அது கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். விதி போனதில் எனக்கு வருத்தம் உண்டு. மூன்று கோல் போட்ட பின்பும் ஒவ்வொரு பார்சிலோனா தாக்குதலின்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தோமே, அந்தப் பதற்றத்தைக் கொடுத்தது அந்த விதிதான்.

ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு நகரத்துக் கழகத்துக்காக நள்ளிரவில் விழித்திருப்பதில் என்ன பொருள் இருக்கிறது? – வாசகி, புதுச்சேரி

ஆட்டம் நம் நேரப்படி மே 8ஆம் தேதி நள்ளிரவு 12.30 மணிக்குத் தொடங்கியது. ஆட்டம் முடிந்ததும் வீரர்களும் பயிற்சியாளர் கிளாப்பும் ஊழியர்களும் காப் பகுதிக்கு முன்னால் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று, தங்கள் அரங்கத்தின் பாடலை ரசிகர்களோடு சேர்ந்து பாடினார்கள். ஒருபோதும் விட்டுவிடாதே என்று ஆங்கிலத்தில் எழுதிய சட்டையை அணிந்திருந்த சலாவும் அவர்களோடு நின்றார். அந்த நகரத்தில் நான் பிறக்கவில்லை. அவர்கள் மொழி என் மொழியல்ல. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் 97 பேரை இழந்து, நீதிக்காகப் பல்லாண்டுகள் போராடிய அந்த ஊரின் துக்கத்தையும் தூரத்திலிருந்துதான் அறிந்திருக்கிறேன். ஆனாலும் வேறு எந்த வழியிலும் எனக்குக் கிடைத்திராத ஒரு மகிழ்ச்சியை அந்த இரவு கொடுத்தது. நல்ல இசைக்காக விடியவிடிய விழித்திருப்பவரிடம் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்களா?

ஒரிகி அதன்பின் என்ன ஆனார்? – வாசகர், திருநெல்வேலி

அந்தப் பருவத்துச் சாம்பியன்ஸ் லீகில் ஒரிகி போட்டது மொத்தம் மூன்று கோல்: ஆன்ஃபீல்டில் இரண்டு, மாட்ரிட் இறுதியாட்டத்தின் 87ஆவது நிமிடத்தில் ஒன்று. பார்சிலோனா ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு நியூகாசிலில் வெற்றி கோலைப் போட்டவரும் அவர்தான். 2018 டிசம்பரில் எவர்ட்டனுக்கு எதிராக 96ஆவது நிமிடத்தில் போட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகும் பெரும்பாலும் மாற்று வீரராகவே இருந்து, 2022இல் இத்தாலியின் ஏசி மிலானுக்குப் போனார். நிலையான இடம் கிடைக்காத ஆண்டுகளில் அவர் முணுமுணுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. லிவர்பூல் ரசிகர்கள் அவரைப் பெரிய நட்சத்திரங்களுக்கு இணையாக நினைவில் வைத்திருப்பது முற்றிலும் சரி.