சமையல் சந்தேகம்: பிரிந்துபோகும் பூண்டு பட்டர் சாஸ்

கேள்வி: பிட்ஸாவுக்குத் தொட்டுக்கொள்ள வீட்டிலேயே பூண்டு பட்டர் சாஸ் செய்கிறேன். பூண்டு கசக்கிறது. மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் வெள்ளையாக ஏதோ தங்கிவிடுகிறது. குழைவாக வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: வெண்ணெய் நன்றாகச் சடசடக்கும்போது பூண்டைப் போட்டிருப்பீர்கள். அடுப்பில் ஏதாவது சத்தம் கேட்டால்தான் சமையல் நடக்கிறது என்று சிலருக்கு நினைப்பு. இந்த சாஸுக்கு அந்தச் சத்தமே ஆகாது. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிற சத்தத்தைத்தான் கேட்கிறீர்கள். அது முழுக்கப் போய்விட்டால் கையில் இருப்பது நெய். நெய்யில் உப்பு கரையாது; மணல் மாதிரி பல்லில் கடிபடும். அடியில் தங்கும் வெள்ளை, வெண்ணெயில் இருக்கும் பால் புரதம்.

100 கிராம் உப்பில்லாத வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். நாலு பல் பூண்டைத் துருவி, கால் தேக்கரண்டி தூள் உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பூண்டின் காரமும் வாசனையும் நசுங்கிய பிறகுதான் உண்டாகின்றன; உடனே சூட்டில் போட்டால் அது பாதியில் நின்றுவிடும்.

அப்புறம் சின்னப் பாத்திரத்தில் இரண்டு துண்டு வெண்ணெயையும் பூண்டையும் ஒன்றாகப் போட்டு, அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். தீ மிகச் சிறியதாக இருக்கட்டும். ஓரங்களில் குட்டிக் குட்டிக் குமிழி வரும். மூக்கைக் குத்தும் நெடி அடங்கி இனிப்பான மணம் வரும்போது பூண்டு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். துருவிய பூண்டு பொன்னிறத்திலிருந்து கருகலுக்குப் போக நேரமே எடுக்காது. கசப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணீர் விடுங்கள். ஆமாம், தண்ணீர்தான். குளிர்ந்த வெண்ணெயை ஒவ்வொரு துண்டாகப் போட்டு, கம்பிக் கரண்டியால் விடாமல் அடியுங்கள். ஒரு துண்டு கரைந்த பிறகு அடுத்தது. கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது மெல்லக் கலங்கி, மோர்க்குழம்புப் பதத்துக்குக் கெட்டியாகும். கொதி வருவதுபோல் தெரிந்தால் உடனே இறக்கிவிடுங்கள். கொதித்தால் மறுபடி பிரியும். பிரிந்தாலும் கொட்டிவிட வேண்டாம். இன்னொரு கரண்டி சுடுதண்ணீர் விட்டு அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கடைசியில் ஒரு சிட்டிகை காய்ந்த ஓரிகானோ. பூண்டுப் பொடியும் கால் தேக்கரண்டி சேர்க்கலாம். மட்டம் என்று ஒதுக்காதீர்கள், கடை சாஸின் வாசனை அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எலுமிச்சைச் சாறு விட்டதும் பூண்டு பச்சை நிறமாகிவிட்டது. சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேரும்போது சில நேரம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். கெடுதல் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் சாற்றைப் பரிமாறும்போது விடுங்கள்.

கேள்வி: கடை சாஸ் உறைவதில்லை, நான் செய்தது உறைகிறது. வெளியிலேயே வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. முதலில் உறைவதைப் பற்றி: கடைகளில் வரும் கிண்ணங்கள் பலவற்றில் வெண்ணெய் இருக்காது, தாவர எண்ணெயும் வெண்ணெய் வாசனையும்தான். லேபிளைப் படித்தால் தெரியும். நீங்கள் செய்வதும் அவ்வளவு கெட்டியாக உறையாமல் இருக்க வேண்டுமென்றால் வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் வாசனையில்லாத எண்ணெய் சேருங்கள்.

பச்சைப் பூண்டு கொழுப்புக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்போது, அறை வெப்பத்தில் பொட்டுலிசம் (உணவு நஞ்சாவதால் வரும் ஆபத்தான நோய்) கிருமி நஞ்சை உண்டாக்கலாம். வாசனையிலோ ருசியிலோ அது தெரியாது. லேசாக வதக்கிய பூண்டும் இதற்கு விலக்கல்ல. மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்க, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்துக் கலக்கினால் போதும்.