வேலைத்தள ஆபத்துகள்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

26 வருசம் ஆலைகளிலை பராமரிப்பும் பாதுகாப்பும் பாத்தனான். இப்ப கிளிநொச்சியிலைதான் இருக்கிறன். பொழுதுபடும் வரைக்கும் கேக்கலாம். முதலே ஒண்டு: ஓடுற பெல்ட்டுக்குக் கிட்ட சாறத்தோடை நிக்காதையுங்கோ. ஒரு மில்லிலை சாறத் தலைப்பு பெல்ட்டிலை ஏறினதை என்ரை கண்ணாலை கண்டனான். பழஞ்சாறம், கிழிஞ்சு போட்டுது, ஆள் தப்பியிட்டார். புதுச்சாறம் எண்டால் கால் போயிருக்கும்.

பரந்தன், அரிசி ஆலை: தூசு தாங்கேலாமல் கிடக்கு. எல்லாருக்கும் முகக்கவசம் குடுத்திட்டம். காணுமோ ஐயா?

காணாது. கொரோனாவுக்குப் போட்ட நீலக் கவசம் எண்டால் ஓரத்தாலை தூசு தாராளமாப் போகும். குறைஞ்சது என்95 வேணும். தாடி இருந்தால் அதுவும் முகத்தோடை ஒட்டாது. ஆனால் கவசம் கடைசிக் கதை. தூசு எங்கையிருந்து வருது எண்டு முதல் பாருங்கோ. நெல்லை மேலை ஏத்துற எலிவேற்றரின்ரை மூடி கழண்டிருக்கும், உமி போற குழாயிலை ஓட்டை இருக்கும், அதுக்குச் சாக்கு சுத்தியிருப்பியள். அதைத் திருத்தினால் பாதித் தூசு நிக்கும். கொம்பிறசர் காத்தாலை உடுப்பை ஊதுறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. இன்னொண்டு: உமித்தூசு காத்திலை பறந்து நிக்கேக்கை ஒரு பொறி காணும், வெடிக்கும். தூசு பறக்கிற இடத்திலை வெல்டிங் வேண்டாம். சாறமும் வேண்டாம்.

மாங்குளம், வெல்டிங் கடை: வெறும் டீசல் பரலை வெட்டித் தரச் சொல்லிக் கேக்கினம். உள்ளை ஒண்டும் இல்லை.

உள்ளை ஒண்டும் இல்லாததுதான் பிரச்சினை, தம்பி. அடியிலை ஒட்டிக் கிடக்கிற எண்ணெய் சூட்டிலை ஆவியாகும். உள்ளை காத்தும் இருக்கு. நெருப்பை நீங்கள் குடுக்கிறியள். மூடி பறந்து முகத்திலைதான் அடிக்கும். நல்லாக் கழுவி, தண்ணியாலை நிரப்பி, வெட்டுற இடம் மட்டும் தண்ணிக்கு மேலை இருக்க, மூடியைத் திறந்து வைச்சு வெட்டுங்கோ. என்ன இருந்தது எண்டு தெரியாத பரல் எண்டால் திருப்பி அனுப்புங்கோ.

கிளிநொச்சி, தையல் ஆலை: அடிக்கடி எழும்பிப் போனால் கணக்கு விழாது எண்டு தண்ணி குடிக்காமல் இருக்கிறம். சலக்கடுப்பு வருது.

தங்கச்சி, இதுவும் வேலைத்தள ஆபத்துத்தான். வெட்கப்படாமல் மேற்பார்வையாளரிட்டைச் சொல்லுங்கோ. தனிய இல்லை, நாலு பேராப் போங்கோ. வெக்கைக்கு 20 நிமிசத்துக்கு ஒருக்கால் ஒரு கோப்பை தண்ணி வேணும். சலக்கடுப்புக்கு மருந்து எடாமல் விட்டால் கிருமி சிறுநீரகம் மட்டும் ஏறும். நாளைக்கே டொக்டரிட்டைப் போங்கோ.

புதுக்குடியிருப்பு, கிணறு வெட்டுறவர்: பெற்றோலிலை ஓடுற தண்ணி மெசினைக் கிணத்துக்கை இறக்கி இறைக்கிறம். உள்ளை காத்து நல்லதோ எண்டு விளக்கு இறக்கிப் பாத்தால் காணும்தானே?

காணாது. இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும். கோடையிலை தண்ணி ஏறத்தாழ 25 அடிக்குக் கீழை போனால் மேலை வைச்ச பம்ப் இழுக்காது. அதாலைதான் மெசினை உள்ளை இறக்கிறியள். மெசின் விடுற புகையிலை காபனோரொட்சைட்டு இருக்கு. நிறமில்லை, மணமில்லை. விளக்கு அணையிறது ஒட்சிசன் குறைஞ்சால்தான்: 21 சதவீதம் 16 மட்டுக்கு இறங்க வேணும். காபனோரொட்சைட்டு 0.12 சதவீதம் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அவ்வளவுக்கு விளக்கு அசையாது. சுடர் நேரா எரிய, ஆள் விழுவார்.

முள்ளியவளை: பிழையான கதை. எங்கடை அப்பா காலம் தொட்டு விளக்கு இறக்கித்தான் பாத்தவை. ஒருத்தரும் சாகேல்லை.

அப்பா துலாவிலை இறைச்சவர், அண்ணை. துலாவுக்குப் புகை இல்லை. பழங்கிணத்திலை ஒட்சிசன் குறைஞ்ச காத்துக்கு விளக்கு சரி. பெற்றோல் மெசினுக்குச் சரியில்லை.

முள்ளியவளை: வேப்பங்குழை கட்டி ஏத்தி இறக்கினால் காத்து மாறும்தானே?

கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறினது எண்டு குழை சொல்லாது. மெசினை நிப்பாட்டினாலும் புகை மணித்தியாலக் கணக்கிலை உள்ளை நிக்கும்.

புதுக்குடியிருப்பு: அப்ப நாங்கள் என்ன செய்யிறது?

கரண்டிலை ஓடுற மூழ்கு மோட்டரை இறக்குங்கோ, கரண்ட் ஒழுகினால் உடனை நிப்பாட்டுற 30 மில்லியம்பியர் ட்றிப் சுவிச்சோடை. மோட்டர் ஓடேக்கை தண்ணிக்கை ஆள் நிக்கப்படாது. பெற்றோல் மெசினை உள்ளை இறக்கிற கதையே வேண்டாம். எது எண்டாலும் இறங்கிறவருக்கு மார்பிலை கயிறு, மேலை இரண்டு பேர். அவர் விழுந்தால் கயித்தாலை இழுங்கோ, அம்புலன்சுக்கு, 1990 நம்பருக்கு அடியுங்கோ. பின்னாலை குதிக்காதையுங்கோ. கிணத்திலை இரண்டாவது சாவு அனேகமாத் தம்பியோ மச்சானோதான்.

முள்ளியவளை: நீர் படிச்ச ஆள், சொல்லும். ஆனால் விளக்கை நான் விடமாட்டன்.

விடாதையுங்கோ. மெசினை மட்டும் விடுங்கோ.

ஒட்டுசுட்டான், கல்லுடைப்பு: வெட்டேக்கை புழுதிக்கு வாழைப்பழமும் பாலும் குடுக்கினம்.

பசிக்கு நல்லது. பழம் போறது வயித்துக்கு, புழுதி போறது நெஞ்சுக்கு. கல்லுப்புழுதி நுரையீரலிலை போட்ட தழும்புக்கு மருந்து இல்லை. தண்ணி விட்டு வெட்டுங்கோ.

வவுனியா, மரக்காலை: முகக்கவசம் எது நல்லது?

மேலை பரந்தன்காரருக்குச் சொன்னதை வாசியுங்கோ.

முல்லைத்தீவு, பழைய இரும்பு: காட்டுக்கை கிடந்த சாமான் ஒண்டு வந்திருக்கு, வெட்டலாமோ?

தொடாதையுங்கோ, வெடிக்காத குண்டா இருக்கலாம். தூரப் போய் பொலிசுக்கு, 119க்கு அடியுங்கோ. இதுக்கு மேலை கதை இல்லை.

பூநகரி: விரல் போட்டுது. முதலாளி 10,000 தந்து முடிச்சிட்டார்.

அவர் முடிச்சால் முடியாது. 1934ஆம் ஆண்டு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கு. 2022 திருத்தத்தோடை உச்சத் தொகை 20 இலட்சம். வேலைக்குப் போகேக்கை, வரேக்கை நடக்கிற விபத்தும் இப்ப அதுக்குள்ளை வரும். 3 நாளுக்கு மேலை வேலைக்குப் போகேலாத காயம் எண்டால் ஆலைக்காரர் அறிவிக்க வேண்டியது கட்டாயம். வைத்தியத் துண்டு எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கோ. வெறும் தாளிலை கையெழுத்து வைக்காதையுங்கோ.

விசுவமடு: கவசம் எண்டால் ஆஸ்பத்திரிக் கவசம் காணும்தானே?

மேலை.

பரந்தன், அரிசி ஆலை: ஐயா, எல்லாரையும் காற்சட்டைக்கு மாத்தியிட்டன். சரிதானே?

கால் இறுக்கமான காற்சட்டை எண்டால் சரி. தோளிலை கிடக்கிற துவாயையும் கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ.