ஏழு குறை என்றால் எந்த ஏழு?

கேள்வி: நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்தின் ஆய்வு அறிக்கையில் ஏழு குறைகள் எழுதியிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது. தொடர்ந்து போகலாமா?

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், அந்த ஏழும் என்னென்ன? தரையில் ஒரு ஓடு உடைந்திருப்பதும் குறைதான், சமைத்த சோறு அரை நாளாக வெளியே கிடப்பதும் குறைதான். படிவத்தில் இரண்டுக்கும் ஒவ்வொரு வரி.

நான் ஆய்வாளராக இருந்தவரை சாப்பிடும் கூடத்தில் நின்றதே இல்லை. நேராகச் சமையற்கட்டுக்குப் போவேன். முதலில் பார்ப்பது கை கழுவும் வாஷ்பேசினை. கூட்டம் அலைமோதும் நேரத்தில் அது காய்ந்து கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஓரிடத்தில் அதற்குள் காலி டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். இடம் இல்லையாம்!

அப்புறம் தெர்மாமீட்டர். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். ஒரு சமையல்காரர் அண்டா நிறையச் சோற்றைச் சுடச்சுட ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலை எனக்குப் பெருமையாகத் திறந்து காட்டினார். மேலே தொட்டால் சில்லென்று இருந்தது. நடுவில் குத்திப் பார்த்தேன்: 34 டிகிரி. “சூடு பண்ணித்தானே சார் கொடுக்கப் போறோம்” என்றார். சூடு பண்ணி என்ன பயன்? பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது முளைத்து, வாந்தி எடுக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு உள்ளே வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அண்டாவைக் கொட்டச் சொன்னேன். மனிதர் அதன்பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை.

ஆகவே அறிக்கையில் வெப்பநிலை, கை கழுவுதல், பச்சை இறைச்சியைச் சமைத்ததோடு சேர்த்து வைத்தது, இப்படி ஏதாவது இருந்தால் மறு ஆய்வு வரும்வரை போகாதீர்கள். முந்தைய அறிக்கையிலும் அதே குறை இருந்தால் எனக்கு அந்த வாசலே வேண்டாம். உடைந்த ஓடு, எரியாத விளக்கு மாதிரிதான் குறை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: உணவகத்தில் காய் நறுக்கும் வேலை எனக்கு. வயிற்றுப்போக்கு நேற்றிரவுதான் நின்றது. இன்றே வரச் சொல்கிறார் முதலாளி.

பதில்: போகாதீர்கள். நின்றபிறகும் குறைந்தது 48 மணி நேரம் சமையற்கட்டுப் பக்கம் போகக் கூடாது. உடம்பு தெம்பாக இருப்பதை நம்ப முடியாது. நியூயார்க் சமையல்காரி மேரி மேலன் டைபாய்டு கிருமியைச் சுமக்கிறார் என்று 1907இல் கண்டுபிடித்தபோது, தனக்கு நோயே இல்லை என்றுதான் அவரும் சாதித்தார். திரும்பப் போகும்போதும் சானிடைசரைத் தேய்த்துவிட்டுக் கத்தியை எடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் என்ற கிருமி அதற்கு அவ்வளவாக மசியாது; சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள்.